பானெட்டியல்: ஞாயிற்றுக்கிழமைக் கார் பழுது குறித்து ஓர் ஆய்வு

தமிழில் யாப்புக்கு நூல் உண்டு, அணிக்கு நூல் உண்டு, மாட்டுக்குக்கூட வாகடம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலை, சாயம்போன டி-ஷர்ட்டும் லுங்கியுமாக ஒருவர் தம் காரின் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்து நிற்கும் நிலைக்கு மட்டும் இதுவரை யாரும் இலக்கணம் செய்யவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் எல்லை. சொந்தக் காரை, சொந்தக் கையால், சொந்த இடத்தில் வைத்து, கூலி கொடுக்காமல் பழுது நீக்க முயல்வது 'பானெட் திறத்தல்' எனப்படும். முயன்றால் போதும், பழுது நீங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வண்டி கழுவுதல் இதில் அடங்காது. டேஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டுவதும் அடங்காது, அது முன்னெச்சரிக்கை. டயருக்குக் காற்றடிப்பதை ஒருசாரார் இதில் சேர்ப்பர். பெட்ரோல் பங்கில் குனிந்து காற்றடிப்பவர் வேறொருவர், உள்ளே உட்கார்ந்தபடி 'நாலுக்கும் முப்பத்து மூணு' என்று எண் மட்டும் சொல்பவரே உரிமையாளர் என்பதால் அக்கொள்கை இங்கு மறுக்கப்படுகிறது.

இத்துறையின் முதல் ஆசிரியர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் அதற்குத் தோல் அடித்துக்கொண்டார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமும் முதல் கைவைத்தியமும் ஒரே நாளில் நடந்தன.

நம் பக்கத்து முன்னோடி கோவை ஜி.டி. நாயுடு. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளில் மனம் பறிகொடுத்து, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அதையே வாங்கி, ஓட்டித் திரிவதோடு நில்லாமல் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுத் திரும்பவும் மாட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் அவர்தான்.

இவ்விருவரும் வென்றது எதனால் எனின், பக்கத்தில் யோசனை சொல்ல ஆள் இல்லாததால் என்க. பெர்த்தாவோடு மகன்கள் இருந்தார்களே எனின், மேடு வந்தபோதெல்லாம் வண்டியைத் தள்ளும் வேலை அவர்களுடையது. தள்ளுகிறவனுக்குப் பேச மூச்சு மிஞ்சாது. இன்று பானெட் திறப்பவருக்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. பானெட் மேலே போன கையோடு அவை கூடிவிடுகிறது. அவையை ஆராயாமல் காரை மட்டும் ஆராய்வது அரைகுறை ஆய்வாகவே முடியும்.

அறிவு வரும் வழிகளைச் சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளில் அடக்கினார்கள். கார் நிறுத்துமிடத்து அவையும் பிசகாமல் இந்த மூன்று மரபாகவே பிரிந்து நிற்கிறது. ஓர் எடுத்துக்காட்டு கொண்டு விளக்குவோம். ஐப்பசி மழைக் காலம். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஸ்டியரிங் முதல் சீட் வரை உதறுகிறது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பானெட் திறக்கப்படுகிறது.

முதலில் வந்து சேர்பவர் கருதல் மரபைச் சேர்ந்த பெரியவர். பணி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர். கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, சத்தத்தைக் கேட்டு, "தம்பி, கார்புரேட்டர்ல குப்பை. ஜெட்டைக் கழட்டி வாயால ஊதுங்க, சரியாயிடும்" என்பார். இந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது என்று மறுத்துரைப்பது அவை மரபன்று.

ஆனால் அவரை எளிதில் தள்ளிவிடவும் கூடாது. 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசடர் தன் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உருவத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவே இல்லை. அதன் பானெட்டுக்குள் இன்ஜினைச் சுற்றி அத்தனை இடம் இருந்தது. கைவிட்டால் எல்லாம் எட்டும். கீழே விழுந்த நட்டு நேராகத் தரைக்கு வந்துவிடும். பாயிண்ட் கருகினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள், பிளக் கறுத்தால் கழற்றித் துடைப்பார்கள், பேட்டரி இறங்கினால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுழற்றுவார்கள். பழுது சத்தமாக வெளிப்பட்ட காலம் அது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினிலும் இந்த வித்தை கொஞ்ச காலம் செல்லுபடியாயிற்று. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபிறகுதான் அந்தக் காதுகளுக்கு வேலை இல்லாமல் போனது.

அடுத்து வருபவர் உரை மரபினர். வயது முப்பதுக்குள், கையில் செல்போன். ஸ்டியரிங்குக்கு அடியில் 16 ஊசித் துளை கொண்ட ஓபிடி சாக்கெட் ஒன்று இருப்பதை அறிந்த ஒரே ஆள் அவர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு புளூடூத் கருவியை அதில் செருகி, செல்லைப் பார்த்து, 'பி0300' என்று அறிவிப்பார். அவை அடங்கும். மூலநூல் பேசிவிட்டது.

இங்கேதான் உரையாசிரியர்களின் பழைய நோய் தொடங்குகிறது. பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது, எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள். வண்டி உதறுவதைப் பார்த்தாலே இவ்வளவும் தெரியும். ஏன் தவறுகிறது என்பதை நூற்பா சொல்லாது. பிளக் என்பர் ஒருசாரார். காயில் என்பர் மற்றொருசாரார். இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, பெட்ரோலில் தண்ணீர் என்று பாடபேதங்கள் நீளும். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிட வீடியோ உண்டு. அதில் முதல் ஆறு நிமிடம் சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வது.

பெரியவர் இளைஞரை மறுக்கிறார், இளைஞர் பெரியவரை மறுக்கிறார். பரபக்கம், சுபக்கம் இரண்டும் முறையாக நடந்தேறுகின்றன. இதற்குள் வீட்டிலிருந்து காபி இரண்டாம் முறை வந்துவிடும். உரிமையாளர் இந்நேரம் வரை எதையும் தொடவில்லை என்பதைக் குறித்துக்கொள்க.

காண்டல் மரபின் ஒரே பிரதிநிதி கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன். முன்னொரு காலத்தில் லாரி கிளீனர். அவரை யாரும் அழைக்கவில்லை. வாதம் சூடேறியதால் தாமாகவே வருகிறார். இன்ஜினுக்கு மேலே அழகுக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குகிறார். டார்ச் அடிக்கிறார். "எலி சார்" என்கிறார். காயிலுக்குப் போகும் ஒயர்கள் கடிபட்டுச் செம்பு பளபளக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் பஞ்சு, பாதி தின்ற ரொட்டித் துண்டு.

பானெட்டியலில் எலிக்குத் தனி அதிகாரமே எழுதலாம். மழைக் காலத்தில் சற்றுமுன் நிறுத்திய வண்டியைவிட உலர்ந்த, வெதுவெதுப்பான, பூனை நுழையாத இடம் தெருவில் வேறில்லை. ஏர் ஃபில்டர் டப்பாவில் குடித்தனம் வைத்து, கேபின் ஃபில்டரைப் பிய்த்து மெத்தை போட்டு, ஒயரில் பல் தீட்டும். எதிர்மருந்தாகப் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுவோர் உண்டு. அந்துருண்டை போடுவோர் உண்டு. கற்பூரக் கட்சியும் உண்டு. மூன்று கட்சிக்காரர்களின் வண்டியிலும் எலி வருகிறது. எலி வரும் துளைக்குக் கம்பி வலை அடிப்பது மட்டும் ஓரளவு பலிக்கிறது. அதில் வாதத்துக்கு இடமில்லாததால் அவையோர் அதை விரும்புவதில்லை.

காரணம் தெரிந்தபின் உதிரிபாகம் வாங்கும் படலம். சென்னைவாசி ஜி.பி. ரோட்டுக்குப் போவார், பழைய பாகம் போதும் என்றால் புதுப்பேட்டைக்கு. வண்டி திறந்து கிடப்பதால் ஆட்டோவில்தான் போகவேண்டும்; ஆட்டோ கட்டணம் இத்துறையின் கணக்கேடுகளில் இடம்பெறுவதில்லை. கடைக்காரர் கேட்கும் கேள்விகள் தேர்வு நிலையை ஒத்தவை. எந்த வருஷ மாடல்? பழைய டைப்பா, புது டைப்பா? எத்தனை பின்? மாடல் தெரியும், வருஷம் தெரியும், டைப் தெரியாது என்றால் தீர்ப்பு ஒன்றே: "பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க சார்." பழசு வண்டியில் இருக்கிறது. வண்டி வேளச்சேரியில் இருக்கிறது. ஆகவே ஆட்டோ ஏறுவது நான்கு முறை.

இனிக் கருவிகள். இருமுனை ஸ்பேனர் செட்டில் 6-7 தொடங்கி 20-22 வரை எட்டு ஸ்பேனர்கள் இருக்கும். இன்றைய சிறிய கார்களில் அடிக்கடி வேலைக்கு வருபவை 10, 12, 14 மட்டுமே. மற்றவை செட் நிறைவுக்காக. ஆனால் வீட்டுப் பழுதில் விளையும் கேடுகளுக்கெல்லாம் வேர் ஸ்பேனரில் இல்லை, 'இன்னும் ஒரு கால் சுற்று' என்ற ஆசையில் இருக்கிறது. நட்டு இறுகிவிட்டது என்று கை சொல்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மனம் சொல்கிறது. பெரும்பாலான சிறிய கார்களில் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு வேண்டும். ஸ்பார்க் பிளக்குக்கு 20-ஐ ஒட்டியது போதும். மனிதர் இரண்டுக்கும் ஒரே மூச்சைப் பிடிக்கிறார். எஃகுப் பிளக், அலுமினிய சிலிண்டர் ஹெட்; இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம். ஆயில் சம்ப்பின் டிரெய்ன் போல்ட்டுக்கும் இதே கதி. மரை போன பிறகு வாதமும் இல்லை, வீடியோவும் இல்லை, லேத்துக்காரர்தான்.

ஆகவே வீட்டில் எதைச் செய்யலாம் என்ற வினாவுக்கு வருவோம். கேபின் ஃபில்டரைப் பல வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே மாற்றிவிடலாம், ஸ்பேனரே வேண்டாம். இதற்கு ஒர்க்‌ஷாப்பில் கூலி கொடுப்பவரை இத்துறை அனுதாபத்தோடு பார்க்கிறது. பேட்டரி முனையில் பூத்த வெண்பச்சைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து எடுக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12-க்குக் கீழே நிற்குமானால் தள்ளிவிட ஆள் தேடும் நாள் தொலைவில் இல்லை. வைப்பர் பிளேடு, பல்பு, ஏர் ஃபில்டர் எல்லாம் இந்த இனமே.

இன்ஜின் ஆயில் மாற்றுவது இடைப்பட்ட இனம். சிறிய பெட்ரோல் காருக்கு 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். மாற்றுவது கடினமில்லை, இறக்கிய கறுப்பு ஆயிலை என்ன செய்வது என்பதே கடினம். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலுக்கு இடம் உண்டு. வேப்ப மரத்தடியில் ஊற்றினால் கரையான் போகும் என்பது அவையோர் கூற்று, விதிகளில் இல்லை. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடவேண்டும்.

பிரேக் விலக்கப்பட்ட இனம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தரம், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். திறந்துவைத்த பழைய புட்டியை ஊற்றி, குழாயில் காற்றும் புகவிட்டு, ஏற்காட்டிலிருந்து இறங்கும் வளைவில்தான் பிரேக் பிடிக்காததைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அங்கே காண்டல் அளவை மட்டும் வேலை செய்யும், அதுவும் ஒருமுறை.

பானெட் திறக்கும் அன்பர்களுக்கு இத்துறையின் வேண்டுகோள்: பிளாஸ்டிக் மூடியை முதலில் தூக்கிப் பாருங்கள், அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. அதை நம்பி அடியில் படுக்காதீர்கள். அடியில் போய்ச் செய்யும் வேலைக்குச் சமதரையும் ஜாக்கி ஸ்டாண்டும் வேண்டும். இல்லாதவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.