சக்குபள்ளத்தில் ஒரு பஞ்சு டவுசர்

சக்குபள்ளத்துக்குப் பேர் வைத்தவன் ஜீப்பில் வந்தவனாக இருக்க வேண்டும். சைக்கிளில் வந்திருந்தால் சக்குமேடு என்று வைத்திருப்பான். மூணாறில் கிளம்பி பூப்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், அணக்கரை என்று ஏலத்தோட்டங்களுக்கு நடுவே நெளிந்து வருகிற ரோடு, குமுளியைத் தொடுவதற்குள் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பது தொடைக்குத்தான் தெரியும். மேப்பில் பார்த்தால் மூணாறு உயரம், குமுளி தாழ்வு. எல்லாம் இறக்கம்தான் என்று தோன்றும். அந்த மேப்பை நம்பி லண்டனிலிருந்து வந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இருபது வருசம் இருக்கும். இருபது சொச்சம் இங்கிலாந்துக்காரர்கள் தர்மத்துக்காகச் சைக்கிள் மிதித்து வந்தார்கள். பின்னால் வந்த வேனில் எனக்கு உத்தியோகம். வாழைப்பழம் கொடுக்க வேண்டும், பாட்டிலில் தண்ணி பிடிக்க வேண்டும், முடியவில்லை என்று உட்கார்ந்தவரை அள்ளி உள்ளே போட வேண்டும். கடைசி வேலைக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

அவர்கள் ஊரில் இது ஒரு முறை. அக்கம்பக்கத்தில், ஆபீசில், மச்சினன் வீட்டில் போய், ‘நான் கேரளாவில் ஒரு வாரம் சைக்கிள் மிதிக்கப் போகிறேன், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடு’ என்று கேட்பது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் எவனும் தர மாட்டான். கேட்கிறவன் வெளிநாடு போய் வியர்க்க வேண்டும். நமக்குப் பால் வாங்கப் போகிற தூரத்தில் இருக்கிற சக்குபள்ளம் அவர்களுக்கு வெளிநாடு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தக் கூட்டத்தில் ஆறடிக்கு ஒரு துரை. அணக்கரை தாண்டிய ஒரு ஏற்றத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தக்காளி நிறத்தில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நான் பழத்தோடு ஓடினேன். அதே நேரம் தோட்ட வேலை முடிந்து கம்பத்துக்குத் திரும்புகிற ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே மடிமேல் மடியாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. என் அத்தை.

“டேய், யாருடா இது? என்ன தப்புப் பண்ணாரு?”

“தப்பு ஒண்ணும் இல்லத்த. அவராத்தான் மிதிக்கிறாரு.”

“அப்ப நேர்த்திக்கடனா?”

வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வருசம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிறவள் வேறு எப்படிக் கேட்பாள்! டிரைவருக்கு வேறு சந்தேகம்: “பென்னிகுக் பேரனுகளா அண்ணே?” கம்பம் பள்ளத்தாக்கில் எந்த வெள்ளைக்காரர் வந்து இறங்கினாலும் இந்தக் கேள்வி வரும். 1895இல் பெரியாற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டவருக்கு இன்னமும் பொங்கல் வைக்கிற ஊர்.

நான் விளக்கினேன். ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கிறார்கள், மிதித்தால் பணம் வரும் என்று. அத்தை துரையை மேலும் கீழும் பார்த்தாள். “அட, நம்ம பொட்டல்ல சுத்துவானே, அவன் மாதிரின்னு சொல்லு.”

அதுதான் சங்கதி. நான் சின்னப் பையனாக இருக்கும்போது ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, சீரியல் பல்பு கட்டி, ஒருத்தன் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் சுற்றுவான். ஓட்டிக்கொண்டே பல் விளக்குவான், சோறு தின்பான், தலையில் குடத்துத் தண்ணியை ஊற்றச் சொல்லிக் குளிப்பான். நெஞ்சில் டியூப்லைட்டை உடைப்பார்கள். சட்டையில் ஊக்கு வைத்து ஒரு ரூபாய் நோட்டு குத்துவார்கள். ராத்திரி திருட்டுத்தனமாகக் காலை ஊன்றுகிறானா என்று கண்டுபிடிக்க நாங்கள் நாலு பேர் சாக்கைப் போர்த்திக்கொண்டு காவல் இருந்தோம். நாங்கள்தான் தூங்கிப்போனோம். எத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருப்பானோ, ஆனால் ஏழாம் நாளும் பொட்டலில்தான் இருந்தான்.

தூரம் போய்க் காட்டியவர்களும் நம்மில் உண்டு. 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். எடைதூக்கும் கிளப்பு ஆட்கள். ஐரோப்பாவிலிருந்து நடந்தே வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் பேச்சைக் கேட்டுச் சூடேறிப்போனவர்கள். பேச்சைக் கேட்டோமா, கை தட்டினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கத் தெரியவில்லை. ஒருவர் தெஹ்ரானோடு திரும்பினார். ஒருவருக்கு அமெரிக்கா பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் மனம் வெறுத்து ஊர் வந்து சேர்ந்தார். ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா மூவர் மட்டும் சுமார் 71,000 கிலோமீட்டர் மிதித்து 1928 மார்ச் 18 அன்று பம்பாய்க்குள் நுழைந்தார்கள். பாக்தாதிலிருந்து அலெப்போ வரை 956 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடக்க 23 நாள் ஆயிற்று. பின்னால் பழம் கொடுக்க வேன் வரவில்லை. புத்தகம் எழுதினார்கள், நேருவிடம் முன்னுரை வாங்கினார்கள்.

மிதித்துத் தர்மம் சேர்க்கிற யோசனை பிற்பாடு சூடுபிடித்தது. அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்பவர் 1980இல் 36 நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை 220 மைல் ஓட்டி, புற்றுநோய்க்காக 10,200 டாலர் திரட்டினார். அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஓட்டம் வருசாவருசம் தொடர்ந்து வளர்ந்தது.

இவ்வளவையும் துரையிடம் சொல்ல முடியுமா? அவர் வேன் இருந்த திசையைக் கையால் காட்டினார். அள்ளிப் போட்டேன். சைக்கிள் மேலே, துரை உள்ளே. கடைசி நாள் குட்டிக்கானம் இறக்கத்தில் மட்டும் கீழே இறங்கி, சிங்கம் மாதிரி ஓட்டினார். பிறகு சமவெளி வந்ததும் மறுபடி உள்ளே. ஆலப்புழைக் கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது என் தோளைத் தட்டினார். வேன் ஒரு பெட்டிக்கடை மறைவில் நின்றது. பாட்டில் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

கடற்கரையில் எல்லாரும் முன்சக்கரத்தை அலையில் நனைத்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். கழுத்தில் மெடல் போட்டார்கள். துரை எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். நிஜமாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அவர் பர்சில் ஒரு பொம்பளைப் பிள்ளையின் படம் இருந்ததை வேனில் பார்த்திருந்தேன்.

பிறகு என்னைத் தனியே அழைத்து ஒரு பையைக் கையில் திணித்தார். பணம் என்று நினைத்தேன். பிரித்தால் டவுசர். உட்காரும் இடத்தில் இரண்டு விரல் தடிமனுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தது. வாய் திறக்காமல் இருந்ததற்கான கூலி போலும்.

நான் போட்டால் அதற்குள் இன்னொரு ஆளும் நுழையலாம். அத்தையிடம் கொடுத்து, வெந்நீரில் அலசி வேறு ஏதாவது தைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அணக்கரையில் ஜீப்பைப் பார்த்தேன். பின்பக்கத்துப் பலகையில் துரையின் டவுசரை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அத்தை ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“கம்பம்மெட்டு வளைவுல தூக்கிப்போட்டா முந்தி இடுப்பு விட்டுப்போகும்டா. இப்ப ஒண்ணுமே தெரியல. அடுத்த கூட்டம் எப்ப வருது? செல்விக்கும் ஒண்ணு வேணுமாம்.”