ஐம்பதில் நின்ற முள்

அனல் மின் நிலையத்தில் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டைக்குத் தள்ளுகிற ஸ்லரி பம்பைப் பார்த்திருக்கிறீர்களா? வருகிற சாம்பல் குறைந்தாலும் அதன் வேகம் குறையாது. தொட்டி வற்றிக் காற்றை இழுத்துவிடக் கூடாதே என்று, நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பந்தி பரிமாறுவார்கள். அந்தத் தண்ணீரையும் குட்டைக்கு அனுப்ப, விற்க வேண்டிய மின்சாரமே செலவாகும்.

இதற்கு மருந்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. ஆலை மொழியில் விஎஃப்டி. உராய்வே பெருஞ்சுமையாக உள்ள நீண்ட குழாயில் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்தேவை ஏறக்குறையப் பாதியாகும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்வதும் குறையும். மேட்டுக்கு ஏற்றுவதென்றால் லாபம் இவ்வளவு வராது. வேகத்தை ரொம்பக் குறைத்தாலோ சாம்பல் குழாயிலேயே படுத்துவிடும்.

அந்தப் 'படுத்துவிடும்' என்பதை மட்டும் நம்மவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். நியாயம்தான். குழாய் அடைத்தால் இரவு ஷிப்ட்காரருக்கு மெமோ வரும். மின்சாரம் வீணானதற்கு யாருக்கு மெமோ வந்தது? ஆகவே கருவியை வாங்கி, தனி அறை கட்டி, ஏசி மாட்டி, தேங்காய் உடைத்து, 50 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி முழு வேகத்தில் ஓடினால், சிக்கனம் செய்ய வந்த கருவியே மின்சாரத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை தின்னும்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு தினம். உறுதிமொழி எடுத்து முடித்த கையோடு, குழாய் அடைக்காத குறைந்தபட்ச வேகம் எது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐயா.