பட்டறையைப் பெருக்கி அள்ளின பாட்டு

வாடா பேராண்டி, உக்காரு. காதுல மாட்டியிருக்கிறதக் கழட்டு. மறைமலை நகர்ல எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் சத்தத்துல நிக்கிறே. அதுக்குக் கம்பெனி உனக்குச் சம்பளம் குடுக்குது. வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தைக் கேக்கிறே. இதுக்கு நீ காசு குடுக்கிறே. கணக்கு எங்கயோ இடிக்குதே கண்ணு!

ஐன்ஸ்டுர்ட்சென்டெ நோய்பவுட்டன்னு ஒரு பாட்டுக் கோஷ்டி பேரு சொன்னே. எனக்கு மிச்சம் இருக்கிற பல்லுக்கு அது தாங்காது, பெர்லின் பசங்கன்னே வச்சுக்குவோம். 1980ல ஆரம்பிச்சவங்க. கித்தார் பத்தலைன்னு இரும்புத் தகடு, ஸ்பிரிங்கு, சுத்தி, டிரில் மெஷின் எல்லாத்தையும் மேடை ஏத்திட்டாங்க. நம்ம தெரு வெல்டிங் பட்டறைப் பையன் ராத்திரி பத்து மணிக்கு இதையே பண்ணா ஊரே சண்டைக்குப் போகுது. அங்க டிக்கெட் போட்டு உள்ள விடுறான்.

1984 ஜனவரியில லண்டன் ஐ.சி.ஏ. அரங்கத்துல அந்தக் கோஷ்டியில சிலரும் கூட்டாளிங்களும் மேடையையே துளை போட ஆரம்பிச்சிட்டாங்க. அரங்கத்துக்காரங்க பதறிப்போய் பாதியில நிறுத்தினாங்க. அதோட விட்டாங்களா? 2007ல அதே அரங்கத்துல அந்த ரகளையை அப்படியே திரும்ப நடிச்சுக் காட்டினாங்க. ரீமிக்ஸ்னா அதுதாண்டா ரீமிக்ஸ்! அதே வருஷம் நம்மாளுங்க, 1970ல வந்த 'பொன்மகள் வந்தாள்' பாட்டுக்கு 'அழகிய தமிழ் மகன்'ல புதுச் சட்டை மாட்டி விட்டதோட நிறுத்திக்கிட்டாங்க. பாவம், சாதுங்க.

அப்புறம் பெர்லின் பசங்களோட இந்தத் தொகுப்பு சமாச்சாரம். ஆல்பத்துல சேராதது, மேடையில பதிஞ்சது, வேற மாதிரி கலந்து பாத்தது, எல்லாத்தையும் அள்ளி 'கட்டடக்கலைக்கு எதிரான வியூகங்கள்'னு பேர் வச்சு நாலு தொகுப்பு. முதலாவதுல 1980லேர்ந்து 83 வரைக்கும் உள்ளது, நாலாவதுல 2002லேர்ந்து 2010 வரைக்கும் உள்ளது. பட்டறையைப் பெருக்கி அள்ளினதைப் பொட்டலம் கட்டி விக்கிறான். நீயும் நாலையும் வாங்கிட்டு வந்து 'ரேர் தாத்தா'ங்கிறே.

தப்புன்னு சொல்லலடா. மாமல்லபுரத்துல பல்லவன் விட்டுட்டுப் போனதும் பாதி அந்தக் கதைதானே? தர்மராஜ ரதத்தைப் போய்ப் பாரு. மேல் தளமெல்லாம் இழைச்சு இழைச்சுச் செஞ்சிருக்கான், கீழ்த்தளத்துல வேலை பாதியில நிக்குது. உச்சியிலேர்ந்து கீழ நோக்கிச் செதுக்கிட்டு வந்திருக்கான்னு அந்த அரைகுறைதான் காட்டிக் குடுக்குது. அர்ச்சுனன் தபசு முன்னால எல்லாரும் போட்டோ புடிக்கிறாங்க. தெக்கால நடந்தா, அதே தபசை இன்னொரு பாறையில ஆரம்பிச்சு அப்படியே போட்டுட்டுப் போனது ஒண்ணு இருக்கு. உன் பாஷையில டெமோவோ, ரெண்டாவது டேக்கோ, நீயே சொல்லு. பெரிய தபசுலயே ரீமிக்ஸும் உண்டு. மேல ஒருத்தர் ஒத்தக்கால்ல நின்னு கையைத் தூக்கித் தபசு பண்றார். கீழ யானைக்குப் பக்கத்துல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, அதே தபசு பண்ணுது. சுத்தி எலிங்க! முடிச்சது, முடிக்காதது, பூனை, எலி எல்லாத்தையும் சேத்துத்தான் யுனெஸ்கோ பட்டியல்ல போட்டான். எந்த வருஷம்? லண்டன்ல மேடையைத் துளைச்ச அதே 1984.

ஒரு யோசனை சொல்றேன். அஞ்சு ரதம் போற ரோட்டுல சிற்பக்கூடம் இருக்குல்ல, அங்க போய் நில்லு. கட்டிங் மெஷின் கருங்கல்லுல இறங்குறப்ப ஒரு அலறல், பக்கத்துல சின்ன உளி ஓயாம டிக் டிக்குன்னு. போன்ல பதிஞ்சு பெர்லினுக்கு அனுப்பு. செலவு ரெண்டு டீ. அவனுங்களும் கொஞ்சம் காசு குடுத்துக் கேக்கட்டுமே.

போறப்ப அந்த ஸ்பீக்கரை இங்கயே வச்சுட்டுப் போ. வேர்க்கடலைக் கொல்லையில காட்டுப்பன்னி பூந்து கிளறுது. ராத்திரிக்கு முதல் தொகுப்பைப் போட்டு விடு, அதான் நல்லா இரும்பா அடிக்கிறான். நாலாவது வேணாம். அதுல வயசாகி அடங்கிட்டானுங்க, பன்னி படுத்துக்கிட்டுக் கேக்கும்.