தேக்காவுக்கு ஓர் உருண்டை வேண்டும்

பொது இடங்களில் சிற்பம் நிறுவும் மேன்மைதங்கிய அதிகாரிகளுக்கு,

சிங்கப்பூர் ஆற்றோரம், ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தின் முன்னால் இருக்கும் ஐந்து எஃகு உருண்டைகளுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் பேட் யோக் குவான் செய்த சிற்பம் அது. பெயர் ‘சிங்கப்பூரில் 24 மணி நேரம்’. ஈரச்சந்தை, காப்பிக்கடை, ரயில் என்று ஊர்ச் சத்தமெல்லாம் அதிலிருந்து வரும். சத்தத்தை யார் கேட்டது? எல்லாரும் முகம் பார்க்கத்தான் போகிறோம்.

பளபளக்கும் உருண்டை ஒவ்வொன்றும் ஒரு குவியாடி. குவியாடியின் சட்டம் கறாரானது. கிட்டே நிற்பவருக்கு மூக்கு பெரிது, எட்ட நிற்பவர் சுண்டைக்காய். என் மாமியார் எப்போதும் முன்வரிசை என்பதால், வீட்டில் அந்த மூக்குக்கு உள்ள இடம் படத்திலும் பிசகாமல் பதிவாகிறது. அதைவிட விசேஷம், படம் எடுப்பவர் நட்டநடுவில் விழுவார், ஒதுங்கவே முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லாரையும் படம் எடுத்து எந்தப் படத்திலும் இல்லாமல் போனவள் நான். எனக்குக் கிடைத்த முதல் நீதி இது.

அதே ஆற்றங்கரையில் ராஃபிள்சுக்கு இரண்டு சிலைகள். 1887இன் வெண்கலம் ஒன்று, 1972இன் வெள்ளை ஒன்று. 2019இல், ராஃபிள்ஸ் வந்திறங்கிய இருநூறாம் ஆண்டு நினைவுக்காக வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் நம் நாராயண பிள்ளையையும் நிறுத்தினார்கள். ராஃபிள்சோடு வந்தவர், ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர். கொஞ்ச நாளில் ஆளைக் காணோம். விசிட் பாஸ் முடிந்திருக்கும்.

தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் எங்களுக்குக் குறை வைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு சுவரில் கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், சலவைக்காரர், கச்சாங் பூத்தே விற்பவர் எல்லாரும் வண்ணமயமாக இருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். குறுக்கே காய்கறிப் பையோடு உயிருள்ள தமிழர் யாராவது வந்துவிட்டால் மட்டும், அவர் கடந்துபோகும்வரை கேமராவைத் தாழ்த்திப் பொறுமையாக நிற்கிறார்கள். சுவரில் இருப்பவர் தமிழர், நடந்துபோகிறவர் இடைஞ்சல்.

ஆகவே, ஐந்தில் ஓர் உருண்டையைத் தேக்காவுக்கு மாற்றிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்குவிடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகள் ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். தெருவில் கேமராக்கள் இருப்பதால் நீங்கள் எங்களைப் பார்ப்பதில் தடையில்லை. நாங்கள் எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வசதி போதவில்லை. கூட்டம் கூடுமே என்று அஞ்சவேண்டாம். எவ்வளவு பெரிய கூட்டத்தையும் குவியாடி கையகலத்துக்குச் சுருக்கிவிடும். இப்படி ஒரு கருவி எந்த அதிகாரிக்குக் கசக்கும்?

பராமரிப்புச் செலவு என்று கோப்பில் யாராவது எழுதுவார்கள். கைரேகை படியும், மழைக்கறை பிடிக்கும், துடைக்க ஆள் வேண்டும், எல்லாம் சரி. துடைக்க வருகிறவரும் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார். ஒரு சின்ன வேண்டுகோள்: துடைத்து முடித்ததும் தன் முகத்தை அதில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், வேலை நேரத்தில் கைப்பேசி என்று அவர் சம்பளத்தில் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தேக்காவில் காய்கறி வாங்கும் ஒரு குடும்பத்தலைவி