தண்ணீரில் சுகம், தரையில் தடதட: கேள்வி-பதில்

கேள்வி (டொரன்டோவிலிருந்து ஒரு வாசகர்): கொட்டேஜ் பக்கம் ஓட எட்டுச் சில்லு ஆர்கோ ஒண்டு வாங்கினனான். குளத்தில சொகுசாப் போகுது. கரைக்கு ஏறினா முதுகு முறியுது. எட்டுச் சில்லு இருந்தும் ஏன் இப்பிடி? மனுசி இனி ஏறமாட்டன் எண்டு நிக்கிறா.

பதில்: சில்லு எட்டு, ஸ்பிரிங் பூஜ்யம். விஷயம் அவ்வளவுதான். உங்கள் ஒன்டாரியோவிலேயே, நியூ ஹாம்பர்க் ஊரில் 1967இலிருந்து செய்கிற நீர்-நில வண்டி அது. வழக்கமான ஆர்கோவில் அச்சுகள் நேராக உடற்கூட்டில் பொருத்தப்பட்டிருக்கும். மேட்டில் ஏறும் சக்கரம் தனியாக ஏறாது. வண்டியையும் உங்களையும் கூட்டிக்கொண்டுதான் ஏறும். தரைக்கும் உங்களுக்கும் நடுவே நிற்பது டயருக்குள் இருக்கும் காற்று மட்டும். முதலில் அதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு வேறு எதில் கை வைத்தாலும் காசுதான் கரையும். உங்கள் மனைவிக்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது, படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் வைக்காமல் விட்டது கம்பெனியின் கஞ்சத்தனம்தானே?

பதில்: பாதி கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி, ஓட்டை பயம். மிதக்க வேண்டிய வண்டிக்கு அடிப்பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும். அச்சு வெளியே வரும் துளை ஒவ்வொன்றிலும் ஒரு பேரிங், ஒரு சீல். அச்சு சுற்ற மட்டும் செய்தால் சீல் தண்ணீரைத் தடுத்துவிடும். மேலும் கீழும் ஆடவும் வேண்டுமென்றால் மூட்டு வேண்டும், மூட்டுக்கு ரப்பர் உறை வேண்டும், காட்டில் ஒரு முள் குத்தினால் அந்த உறையும் போய்விடும்.

அதோடு, உள்ளே சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோவது செயின். பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் மாறாமல் இருந்தால்தான் செயினுக்கு மரியாதை. அச்சு ஆடினால் செயின் ஒரு நேரம் தொங்கும், ஒரு நேரம் முறுக்கேறும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் எடையும்கூட. ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியை நீருக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்த்தும்.

கேள்வி: தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஜீப் ஸ்பிரிங் வைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறாரே?

பதில்: அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேளுங்கள். முதல் ஓட்டத்தில் அவரையே உட்காரவைத்துக் குளத்தில் இறக்குங்கள்.

கேள்வி: சரி, டயரில் காற்றை எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: இந்த வண்டிகளுக்குக் காற்றின் அளவே ஒற்றை இலக்கம்தான், காருக்குப் பிடிப்பதுபோல 32 பவுண்ட் பிடித்துவிடாதீர்கள். சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். அதை எப்போது, எங்கே பிடிக்கிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கணக்குப் பாருங்கள். மீட்டர் 3 பவுண்ட் காட்டும்போது டயருக்குள் உண்மையில் இருப்பது 17.7 பவுண்ட், அதில் 14.7 வெளிக்காற்றின் அழுத்தம். வெப்பம் ஏறினால் பெருகுவது மீட்டரில் தெரியும் 3 அல்ல, முழு 17.7. விடியற்காலை 10 டிகிரியில் 3 பவுண்ட் பிடித்து, வெயிலிலும் ஓட்டத்திலும் டயர் 30 டிகிரிக்குச் சூடானால் மீட்டர் ஏறத்தாழ நாலேகால் காட்டும். காலையில் இருந்ததைவிட நாற்பது சதவீதம் கூடுதல்! "காலையில் நன்றாகத்தான் இருந்தது, மத்தியானம் என்னவோ ஆகிவிட்டது" என்று வண்டியைத் திட்டுகிறவர்களுக்கு நடந்தது இதுதான். காரில் இதே 20 டிகிரி ஏறினால் 32 என்பது 35 சொச்சம் ஆகும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கனடாக் குளிரில் கதை தலைகீழ். 20 டிகிரி கராஜுக்குள் 3 பவுண்ட் பிடித்து, மைனஸ் 10 டிகிரிக்கு வெளியே கொண்டுவந்தால் மிஞ்சுவது ஒன்றேகால்கூட இல்லை. சவாரி மெத்தென்று இருக்கும். ஆனால் இந்த வண்டி ஒரு பக்கச் சக்கரங்களைத் தடுத்து இழுத்துத்தான் திரும்பும், அந்த இழுப்பில் டயர் விளிம்பைவிட்டுக் கழன்றுகொள்ளும். மலையேறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடல்மட்டத்தில் பிடித்த 3 பவுண்ட், 2,000 மீட்டர் உயரத்தில் ஆறைத் தாண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே அவ்வளவு குறைவு. ஆகவே ஓடப்போகிற இடத்தில், ஓடப்போகிற குளிரில் அளந்து பாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் பங்க் மீட்டர் போதாதா?

பதில்: நூறு பவுண்டுக்கு மேல் காட்டும் மீட்டரிடம் மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்? பத்து பவுண்டுக்கு உட்பட்ட குறைந்த அழுத்த மீட்டர் தனியாகக் கிடைக்கிறது. இந்த வண்டிக்கு வாங்கக்கூடிய சாமான்களில் மலிவானதும் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

கேள்வி: வேகமாகப் போனால் குழிகளின் மேல் பறந்துவிடலாம் என்கிறார் என் மச்சான்.

பதில்: பறக்கலாம். இறங்குவதுதான் சிக்கல். டயர்க் காற்று அடியை வாங்கும். ஆனால் வாங்கியதை அடக்கி வைக்காது, திருப்பிக் கொடுத்துவிடும். அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. அது இங்கே இல்லை. இரண்டு மீட்டருக்கு ஒரு மேடு என்று வரிசையாக இருக்கும் பாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு இரண்டு உதை. வண்டி இயல்பாகத் துள்ளும் தாளமும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தால், ஒவ்வொரு உதைக்கும் துள்ளல் ஏறிக்கொண்டே போகும். துள்ளத் தொடங்கியதும் வேகத்தை மாற்றுங்கள். கூட்டுவதா, குறைப்பதா என்று மச்சானைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: சீட்டில் தடிமனான பஞ்சு வைத்தால்?

பதில்: சிறு கல், வேர் இவற்றின் கூரான அடிக்கு நல்லது. பெரிய குலுக்கலுக்குக் கெடுதல். உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு மேலும் கீழுமான அதிர்வை அதிகம் உணர்வது நொடிக்கு 4 முதல் 8 அதிர்வு என்ற எல்லைக்குள். அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 தரமும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக மதிப்பெண் போடுகிறது. சாதாரண நுரைமெத்தை தானே ஆடத் தொடங்குவது 4 பக்கத்தில். அடியில் வரும் ஆட்டத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிக் கொடுக்கும் என்று அர்த்தம். கடையில் உட்கார்ந்து பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று வாங்கி வந்தவர்கள் காட்டில் அழுவது இதனால்தான். வாங்குவதானால் நீரை உறிஞ்சாத, அறை மூடிய நுரையாகப் பாருங்கள். இல்லாவிட்டால் முதல் குளத்திலேயே பாதி குளம் சீட்டுக்குள் குடியேறும்.

ட்ராக்டர், லாரிகளில் வரும் ஸ்பிரிங் சீட் உண்மையிலேயே பயன் தரும். இரண்டு நிபந்தனை. அதில் எடைக்கேற்பத் திருகும் குமிழ் இருக்கும். அதைத் திருகாமல் விட்டால் ஸ்பிரிங் அடிதட்டும். இன்னொன்று, சீட் உயர்ந்தால் உங்கள் எடையும் உயரே போகும். தரையில் அது சின்ன விஷயம். தண்ணீரில் சரிந்தால் சின்ன விஷயமல்ல.

கேள்வி (மேலே கண்ட டொரன்டோ வாசகரின் மனைவி என்று கையெழுத்திட்டவர்): இவருக்குக் குலுக்கமே தெரியேல்லையாம். எனக்கு மட்டும் ஏன்?

பதில்: நீங்கள் உட்காருவது பின் சீட்டா? டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் கூரையை முட்டும்போது நடுவில் இருப்பவர் தூங்குவாரே, அதே கதைதான். வண்டி முன்னும் பின்னும் சாயும்போது நடுப்பகுதி கொஞ்சமாகவும் ஓரங்கள் அதிகமாகவும் ஏறி இறங்கும். அவர் நடுவுக்கு அருகில் இருக்கிறார். அடுத்த முறை சாவியை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைப் பின்னால் ஏற்றுங்கள். எட்டுச் சில்லு வாங்கியதாவது புண்ணியம். ஆறு சில்லுக் குட்டை வண்டி இதைவிட மோசமாகச் சாயும்.

கேள்வி: விழுந்த மரத்தைத் தாண்டும்போது மூக்கு தரையில் "டமால்" என்று விழுகிறது. வழி?

பதில்: வண்டியின் பாரம் மரத்தைக் கடக்கும் அந்த ஒரு கணம்தான் எல்லாம். ஏறும்வரை நிதானமாக வாருங்கள். முனை கீழே சாயப்போகிறது என்று தெரிந்ததும் ஏறக்குறைய நிறுத்தி, தானாகச் சாயவிடுங்கள். சிறிய வரப்பு, வாய்க்கால் என்றால் சற்றுச் சாய்வாகப் போனால் சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஏறும், அடி பிரியும். பெரிய மரத்தில் இந்தச் சாமர்த்தியம் வேண்டாம். வழுக்கிப் புரளும்.

கேள்வி: ரஷ்ய ஷெர்ப் வண்டி மட்டும் பாறையில் அலுங்காமல் ஏறுகிறதே?

பதில்: அதற்கும் ஸ்பிரிங் கிடையாது. ஆளுயர டயர்கள், அவற்றைக் குழாய்கள் இணைக்கின்றன. ஒரு சக்கரம் கல்லில் நசுங்கினால் அதன் காற்று மற்ற டயர்களுக்கு ஓடும். எஞ்சின் புகையையே டயருக்குள் செலுத்தி, ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுத்தத்தை மாற்றலாம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து டயர்க் காற்றை மாற்றும் யோசனை பழையது. 1942இல் வந்த அமெரிக்காவின் டி.யு.கே.டபிள்யூ. நீர்-நில லாரி மணலுக்கு ஒரு காற்று, ரோட்டுக்கு ஒரு காற்று என்று ஓடியபடியே மாற்றிக்கொண்டது. ஷெர்ப்பின் இந்திய வடிவம் ஏட்டர் என்.1200. 2025 பஞ்சாப் வெள்ளத்தில் நம் ராணுவம் மக்களை மீட்க இறக்கியது அதைத்தான். தண்ணீரில் அதன் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் அளவுதான்.

கேள்வி: ஸ்பிரிங்கும் வேண்டும், நீரில் வேகமும் வேண்டும் என்றால்?

பதில்: பணமும் வேண்டும். 2003இல் வந்த கிப்ஸ் அக்வாடா, கார் போலவே சஸ்பென்ஷன் வைத்துக்கொண்டு, நீரில் சக்கரங்களை மடக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு ரிச்சர்ட் பிரான்சன் அதில் ஆங்கிலக் கால்வாயை ஒரு மணி 40 நிமிடத்தில் கடந்தார். ஆனால் அது ரோட்டுக் கார். சதுப்பில் இறக்கினால் சதுப்புக்கே சொந்தமாகிவிடும்.

கேள்வி: ரப்பர் ட்ராக் மாட்டினால் குலுக்கம் போகுமா?

பதில்: பனியிலும் சேற்றிலும் போகும், சிறு பள்ளங்களை அது மூடிக்கொண்டு போய்விடும். கெட்டித் தரையில் புதிதாக ஒரு நடுக்கம் சேரும்.

கேள்வி: எனக்கு டிஸ்க் பிரச்சினை இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் பரவாயில்லையா?

பதில்: டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏறாதீர்கள். மற்றவர்களுக்கு வரிசை இதுதான்: முதலில் காற்று, அடுத்து வேகம், அப்புறம் நடுவில் உட்காருவது, கடைசியாகத்தான் சீட்டுக்குச் செலவு. எல்லாம் முடித்துத் தண்ணீரில் இறங்கும் முன், அடியில் உள்ள வடிகால் மூடிகளைத் திருகிவிட்டீர்களா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.