அண்ணாந்து பார்க்கும் மதுத்தோட்டம்

கேள்வி: பிரான்ஸ், இத்தாலி என்று திராட்சைத் தோட்டம் தேடிச் சுற்றுலா போகிறார்களே, எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லையா?
- கல்லடி வாசகர்

பதில்: இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்! நம் மதுத்தோட்டம் தென்னை உச்சியில் இருக்கிறது. விரியாத பாளையை இறுகக் கட்டி, பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவினால் முட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறுதான் நம் திராட்சை ரசம். இயற்கையிலேயே இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும்.

நல்ல திராட்சை மது சிலவற்றுக்கு வயது ஏறினால் மதிப்பு. கள்ளோ காலையில் குழந்தை, மாலையில் முரடன், விட்டுவைத்தால் வினாகிரி! அதனால் இறக்கிய கள்ளை அப்படியே பாரிசுக்கு அனுப்ப முடியாது. பாரிஸ்காரர்தான் இங்கே வரவேண்டும்.

திராட்சையே வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போங்கள். 'இஸ்ரேல் புளூ' என்ற திராட்சை வகை அங்கே பந்தலில் தொங்கும். குளிர்காலமே இல்லாத மண்ணில் கொடியைத் துளிர்க்க வைப்பது கவாத்துக் கத்திதான். நம் பக்கம் வடகீழ்ப் பருவமழை கொட்டினால் திராட்சை இலையில் பூஞ்சை குடியேறிவிடும். தென்னைக்கோ வாவிக்கரை மணலும் உப்புக்காற்றும் பிறந்த வீடு.

பிரான்சில் தோட்டக்காரர் பெயரைப் போத்தலிலேயே அச்சிடுகிறார்கள். நாள் தவறாமல் மரமேறும் நம் சீவல் தொழிலாளியின் பெயர் எந்த முட்டியிலும் இல்லை. அது என்னை உறுத்துகிறது. வாவிக்கரைக்கு விருந்தினர் வந்தால், முதலில் அந்தத் தொழிலாளியை அறிமுகப்படுத்துங்கள்.