சுவர்ஞான போதம்

பெண்ணாடம் வாதத்துக்குப் பேர்போன ஊர். 13ஆம் நூற்றாண்டில் அச்சுத களப்பாளருக்கு மகனாக இங்கே பிறந்த மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தை 12 சூத்திரங்களில் முடித்துவிட்டார். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படிப்படியாக நிறுவினார். அவர் மாணாக்கர் அருள்நந்தி சிவம் பிறர் கட்சிகளை மறுப்பதற்கென்றே பரபக்கம் என்று தனிப்பகுதி எழுதினார். அப்பேர்ப்பட்ட ஊரில், வீட்டுக்கு முதன்முதலாக ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கும் காரியம் மட்டும் ‘மச்சான் இதைத்தான் வாங்கினான்’ என்ற ஒரே ஆப்த வாக்கியத்தை நம்பி நடந்துவருவது வருந்தத்தக்கது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தது இவ்வாய்வு. மேற்கோள் இது: எப்போதோ ஒரு முறை சுவரில் எதையாவது மாட்டும் குடும்பஸ்தர் மெஷினை ஆராய்ந்து மெஷின் வாங்கக் கூடாது. சுவரை ஆராய்ந்து பிட் வாங்க வேண்டும்; அதைச் சுற்றிவிட மலிவாக ஒரு மெஷின் இருந்தால் போதும்.

ஏது வருமாறு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்திகள் அலுக்காமல் சொல்லும் உதாரணம். பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. துளைக்கும் இதே விதிதான். சுவர் முதல், வீட்டுக்காரர் நிமித்தம், மெஷினும் பிட்டும் துணை. துணை இரண்டில் சுவரைத் தொடுவது பிட் மட்டுமே. மெஷின் தன் ஆயுளில் சுவரைத் தொடுவதே இல்லை, கைதவறி மோதினால் ஒழிய. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் மணிக்குத் துளை போடும் கைவினைஞர்கள் வில்லில் கயிறு சுற்றி இழுத்துத்தான் துறப்பணத்தை ஓட்டினார்கள். அதன் வாட் கணக்கைச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் சிரிப்பார். ஆனால் முனையில் வைரச் சில்லு பதித்திருந்தது, கல் வழிவிட்டது. கொடுமணலில் ஸ்படிகத்துக்குத் துளையிட்ட பழந்தமிழர் மின்வாரியத்தில் இணைப்பு வாங்கியவர்கள் அல்லர். மின்சாரத்தில் ஓடும் டிரில்லுக்கு 1889இல் மெல்போர்னில் அர்னாட், பிரெய்ன் என்ற இருவர் காப்புரிமை வாங்கினார்கள். துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த வடிவத்துக்கு பிளாக் அண்டு டெக்கர் 1917இல் வாங்கியது. அதற்கு முன்னால் மனிதன் மெஷின் இல்லாமல் பல்லாயிரம் ஆண்டு துளையிட்டிருக்கிறான். முனை இல்லாமல் ஒரு நாளும் இட்டதில்லை.

சுவருக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் சூளைச் செங்கல், மேலே சிமென்ட் பூச்சு. நெய்வேலி அருகில் இருப்பதால் சாம்பல் கல்லும் கலந்திருக்கும். இரண்டுமே சாதுவான பொருள்கள். 6 மி.மீ. கான்கிரீட் பிட்டை வைத்து அழுத்தினால் முதலில் சாம்பல் நிறப் பொடி உதிரும்: அது பூச்சு. பிறகு செம்பொடி வரும்: செங்கல் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை. பொடியே வராமல் கிறீச்சிட்டுக்கொண்டு பிட் நுனி கருகினால் எதிரே இருப்பது லிண்டல். ஜன்னலுக்கு மேல் ஸ்கிரீன் கம்பி மாட்டப் போகிறவர்களில் பலர் இங்கேதான் மெஷின் மட்டம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். உள்ளே கம்பி இருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் மட்டமான மெஷினும் நல்ல மெஷினாகிவிடும். டைல்ஸ் கதை வேறு. பீங்கான் பியூஸ் கட்டை செய்கிறவர்கள் அதற்கான துளையை மண் பச்சையாக இருக்கும்போதே போட்டுவிட்டுத்தான் சூளைக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்காரரோ டைல்ஸ் வெந்து, மெருகேறி, குளியலறைச் சுவரில் ஒட்டி, கிரவுட்டும் காய்ந்த பிறகு வந்து துளை கேட்கிறார். அதற்கு ஈட்டி முனையுள்ள டைல்ஸ் பிட் வேண்டும். குறியின்மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிட் வழுக்கிக்கொண்டே போய்ப் பளபளப்பில் கோடு கிழிக்கும். தட்டு விசையை அணைத்துவிட்டு மெல்லச் சுற்ற வேண்டும், இடையிடையே தண்ணீர் தொட்டுவைக்க வேண்டும். டைல்ஸ் தாண்டிய பிறகு கான்கிரீட் பிட்டுக்கு மாறித் தட்டைப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சடங்கில் எந்த இடத்திலும் வாட் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஆகவே மெஷினிடம் கேட்கவேண்டியது கொஞ்சம்தான். தட்டுவதைத் தனியாக நிறுத்தும் வசதி, விசையை அழுத்தும் அளவுக்கு ஏறும் வேகம், திருகாணியைக் கழற்ற எதிர்ச்சுற்று. பிட்டைப் பிடிக்கும் சக் 10 மி.மீ. போதும், 13 இருந்தால் வேண்டாமென்று சொல்ல வேண்டியதில்லை. 500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் இரண்டேகால் ஆம்பியர், ஹாலில் இருக்கும் 5 ஆம்பியர் பாயின்ட்டே தாங்கும். இந்த இலட்சணங்களோடு 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பிட்டாக நாலைந்து வாங்கிக்கொள்ளலாம். மெஷினோடு பெட்டி நிறையக் கொடுக்கிறார்களே என்றால், அந்த ‘நூறு உருப்படி’யில் பெரும்பாலும் திருகாணியும் பிளக்கும்தான்; தலையெண்ணிக் கணக்குக் காட்டுவது கூட்டணிக் கட்சிகளோடு நின்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி பரபக்கம். முதலில் எழுபவர் இரவல்வாதி: பக்கத்து வீட்டில் இருக்கும்போது எதற்குக் காசு? இரவல் மெஷின் வரும். கூட வரும் பிட் மழுங்கியிருக்கும், சக் சாவி வராது. அடுத்தவர் ஆள்வாதி: எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் ஆயிற்று. ஒரு துளைக்கு அவர் வரமாட்டார். ‘வேற வேலை எதுவும் சேர்த்து இருக்குங்களா?’ என்று கேட்பார், அதில் தப்பில்லை, அவர் பெட்ரோல் அவருக்கு. மூன்றாமவர் பேட்டரிவாதி, கொஞ்சம் வலுவான எதிரி. கரண்ட் கட்டானாலும் ஓடுமே என்பது அவர் வாதம். மரவேலைக்கும் திருகாணிக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் செங்கல்லைத் தட்டித் துளைக்கும் பேட்டரி மெஷின் விலை அதிகம். தவிர, பொங்கலுக்கு ஒரு துளை, அடுத்த பொங்கலுக்கு ஒரு துளை என்று போடும் வீட்டில் பேட்டரி கத்திரி வெயிலில் பரணில் கிடந்தே முதுமை அடையும், வயர் அடையாது. கரண்ட் வரும்வரை நடராசர் படம் தரையில் இருந்தால் குடி முழுகிவிடாது. நாலாமவர் பெரிய ஹேமர்தான் வேண்டும் என்கிற பலவாதி. அவர் ஆசைப்படுவது காற்றழுத்தத்தில் குத்தும் ரோட்டரி ஹேமர். சாதா மெஷினில் பல்வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கித் தட்டுகின்றன, அவ்வளவுதான். கான்கிரீட் கூரையில் அது திணறும் என்பது உண்மை. ஆனால் செங்கல்லில் ரோட்டரி ஹேமரை வைத்தால் 6 மி.மீ. கேட்ட இடத்தில் உள்ளங்கை அகலப் பூச்சு பெயர்ந்து விழும், கொத்தனாருக்குச் சொல்லியனுப்ப வேண்டிவரும்.

கடைசியாக ஓர் அயல்நாட்டுக் கட்சி. வாங்குகிறவனுக்கு வேண்டியது டிரில் அல்ல, துளைதான் என்ற கருத்தை ஹார்வர்டு பேராசிரியர் தியோடர் லெவிட் பரப்பினார். இது பாதி வழியில் நின்றுவிட்ட சூனியவாதம். துளை வெறும் இன்மை. இன்மையில் படம் தொங்காது. தொங்குவது பிளக்கில். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் நைலான் பிளக்கைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு நம் ஊரில் உளியால் குடைந்து மரத்துண்டைச் செருகினார்கள். பிளக் 6 என்றால் துளையும் 6 ஆக இருக்க வேண்டும். வளைந்த மலிவு பிட் ஆடி ஆடி அதை 7 ஆக்கிவிடும்; பிறகு திருகாணியோடு பிளக்கும் சேர்ந்து சுற்றும். தீக்குச்சியை ஒடித்துச் செருகிச் சமாளிக்கும் நம் மரபு இதிலிருந்து பிறந்ததே. ஆக லெவிட்டின் கட்சியும் சுற்றிவளைத்து பிட்டுக்கே வந்து சேர்கிறது.

வாங்கும் முறை பற்றி ஒன்று. கடையிலேயே கரண்ட் பாயின்ட்டில் செருகி ஓட்டிப் பார்க்கவும், 6 மி.மீ. பிட் மாட்டி, நுனி ஆடாமல் சுற்றுகிறதா என்று கவனிக்கவும். சக் சாவியை வயரோடு நூலில் கட்டிவிடவும். துளை போடும் நாளில் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பிட்டை வைக்க வேண்டாம், உள்ளே வயர் போகும். பில் வாங்கி, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் கேட்க வேண்டும். அதற்குக் கூச்சப்படுகிறவர்கள், இறைவனிடமே சூலமும் இடபமும் தோளில் பொறிக்கச் சொல்லி அப்பரடிகள் முத்திரை வாங்கியது இதே ஊர்த் தூங்கானை மாடக் கோயிலில்தான் என்பதைக் கடைக்காரருக்கு எடுத்துச் சொல்லலாம்.